பக்கத்தில் இன்னொன்று

ஒரு பொருளை மட்டும் பார்த்து அவர் நல்லது கெட்டது சொன்னதே இல்லை. பக்கத்தில் இன்னொன்று வேண்டும். டீக்கடையில் அவருக்கு முதலில் டீ வந்தால் குடிக்கமாட்டார். எனக்கும் வரும்வரை காத்திருப்பார். இரண்டு கிளாஸையும் ஒட்டினாற்போல் வைத்து, வெளிச்சம் வரும் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு டிக்காசன் கொஞ்சம் தூக்கலா விழுந்துருக்குது கிளார்க்கு சார்" என்பார். குடித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். கம்பெனியில் பதினோரு வருடம் அவரோடு டீ குடித்தேன். வருடத்துக்கு முந்நூறு நாள், நாளுக்கு இரண்டு என்று வைத்தால் ஆறாயிரத்து அறுநூறு டீ. அவர் சொல்லி ஒன்றும் தப்பியதில்லை.

"தனியா இருந்தா எதுவும் நல்லாத்தான் இருக்கும்" என்று அடிக்கடி சொல்வார். கத்தரிக்காய் விற்கிறவள் அவர் தலை தெரிந்ததும் கூடையை முந்தானையால் மூடிக்கொள்வாள். ஒவ்வொரு காயையும் இன்னொரு காயோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது. திட்டக்குடியில் எங்கள் மேஸ்திரி வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் சாப்பிட்டவர், கை கழுவாமல் மூன்றாம் பந்தி வரை நின்று, ஒரு கரண்டி சாம்பாரை உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்த்தார். "மூணாவதுல தண்ணி ஊத்திட்டாங்க" என்றார். பெண்ணின் சித்தப்பா அடிக்க வந்துவிட்டார். நான்தான் நடுவில் போய் நின்றேன். நின்றது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. வேறொரு நாள் நான் அப்படி நிற்கவில்லை என்பதையும் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

விருத்தாசலத்தில், பீங்கான் யூனிட்டுகள் வரிசையாக இருக்கும் பேட்டையில், எங்களுடையது சின்னக் கம்பெனி. ஹோட்டல்களுக்கு டீ கப்பும் சாசரும் செய்தோம். நான் ஸ்டோர் கிளார்க். அவர் சூளையிலிருந்து இறங்கும் கப்புகளைப் பார்த்துப் பிரிக்கிறவர். வடக்கு ஜன்னலோரம் ஒரு பெஞ்சு, காதில் ஒரு பென்சில். நல்லது ஒரு பக்கம், மட்டம் ஒரு பக்கம், உடைக்க வேண்டியது காலடியில் உள்ள கூடையில். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கப்பு அவர் கையைத் தாண்டும்.

அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. ஒரு ஹோட்டல்காரர் நிறத்துக்குச் சம்மதம் சொன்னதும், ஒரே சூளையில் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வெந்த இரண்டு கப்புகளை எடுப்போம். ஒன்று அவரிடம் போகும். மற்றது எங்களிடம் இருக்கும். அதற்கு மாதிரி என்று பெயர். பிறகு எத்தனை ஆயிரம் கப்பு வெந்தாலும் அந்த மாதிரியின் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மேலே பூசும் கிளேஸைக் கலக்கிறவர்கூட இவர் மாதிரியைப் பார்த்துச் சொல்கிறபடிதான் கூட்டிக் குறைத்துக் கலப்பார். எங்களிடம் பன்னிரண்டு மாதிரிகள் இருந்தன. பன்னிரண்டு அறை வைத்த மரப்பெட்டி, அறைக்கு ஒன்று, பஞ்சு போட்டு. ஒவ்வொன்றின் அடியிலும் என் கையெழுத்தில் எண் எழுதிய காகிதம் ஒட்டியிருக்கும். பெட்டிச் சாவி என் இடுப்பில். காலையில் எண்ணிக் கொடுப்பேன், மாலையில் எண்ணி வாங்குவேன்.

ஒரு சனிக்கிழமை, அவர் சாப்பிடப் போயிருந்தபோது, மாதிரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏழாம் எண் கப்பு கை நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. மூன்று துண்டு. நாலாவது சில்லு எதுவும் இல்லை, தேடிப் பார்த்தேன். அதற்கு முந்தின மாதம்தான் ஓர் அச்சை உடைத்தவனை முதலாளி ஒரே வார்த்தையில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். என் மகள் கல்யாணத்துக்குத் தேதி குறித்தாயிற்று, இருபத்தாறு நாள் இருந்தது. நான் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. அலமாரியில் முடிந்த சரக்கிலிருந்து அதே பாலேட்டு நிறமாகத் தெரிந்த ஒரு கப்பை எடுத்தேன். காகிதத்தில் ஏழு என்று எழுதி ஒட்டினேன். பெட்டியை எண்ணினேன். பன்னிரண்டு இருந்தது.

திங்கட்கிழமை காலை அவர் அதை எடுத்து ஜன்னலில் பிடித்தார். "ஏழுல கொஞ்சம் வெளுப்பு ஏறின மாதிரி இருக்குதே" என்றார். அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்: தை மாசம், வெயில் சாய்ந்துவிட்டது, வெளிச்சம்தான் மாறியிருக்கும். சாம்பாரைச் சந்தேகப்பட்டவர், கத்தரிக்காயைச் சந்தேகப்பட்டவர், வெளிச்சத்தைக்கூடச் சந்தேகப்பட்டவர். மாதிரியை அவர் சந்தேகப்படவில்லை. அந்த பெஞ்சில் உட்கார்ந்த யாரும் பட்டிருக்கமாட்டார்கள். மாதிரியும் மாறும் என்று நினைத்தால் அந்த வேலையையே செய்ய முடியாது.

நாலு மாதம் அந்தப் பொய் ஏழாம் எண்ணை வைத்து அவர் சரக்குப் பிரித்தார். ஐந்தாவது மாதம் புதுச்சேரி ஹோட்டலிலிருந்து சரக்கோடு லாரி திரும்பி வந்தது. நிறம் சேரவில்லையாம். ஒன்பது மணிக்கு டிரைவர் என்னிடம்தான் சொன்னார். முதலாளி வருவது பத்து மணிக்கு. அந்த ஒரு மணி நேரத்தில் என் மூளை செய்த வேலையை என் நாற்பது வருட உத்தியோகத்தில் மொத்தமாகச் செய்ததில்லை. முதலாளி மேஜையில் பேனா போட்டு வைத்திருந்த கப்பு, அந்த ஏழாம் எண்ணின் முதல் சூளையில் வெந்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பேனாக்களை ஒரு கண்ணாடி டம்ளருக்கு மாற்றினேன். நாலு பேனா, ஒரு பென்சில். கப்பைக் கழுவித் துடைத்தேன். புதிதாகக் காகிதம் வெட்டி ஏழு எழுதி ஒட்டிப் பெட்டியில் வைத்தேன். பொய் ஏழு உடைசல் குவியலுக்குப் போனது. அப்போதும் பன்னிரண்டு.

முதலாளி அவரைக் கூப்பிட்டு, ஹோட்டல்காரர் அனுப்பிய மாதிரியையும் திரும்பிய கப்பு ஒன்றையும் மேஜையில் வைத்தார். அவர் என்னைப் பார்த்து, "ஏழக் குடுங்க கிளார்க்கு சார்" என்றார். கொடுத்தேன். மூன்றையும் வரிசையாக வைத்தார். இரண்டு மாதிரியும் இரட்டைப் பிள்ளைகள்போல் இருந்தன. மூன்றாவது, அவர் நல்லது என்று பென்சில் போட்டு அனுப்பியது, எனக்கே வித்தியாசமாகத் தெரிந்தது. நான் கொடுத்த ஏழாம் எண்ணைத் தூக்கி, கவிழ்த்து, அடியைப் பார்த்தார். திரும்ப வைத்தார்.

"நாலு மாசமா இத்த வச்சாப் பாத்தேன்?" என்றார். முதலாளியிடம் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்.

"வேற எத்த வச்சுப் பாத்தீங்க?" என்றேன்.

"அப்ப கண்ணுதான்" என்றார். காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜையில் வைத்தார். பேக்கிங்கில் இருந்துகொள் என்று முதலாளியே இறங்கி வந்து சொன்னார். அவர் கேட்கவில்லை. கண் போனவன் கப்புகளுக்கு நடுவில் நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று டீ நான் தனியாகக் குடித்தேன்.

மகள் கல்யாணம் அதற்கு முன்பே நல்லபடியாக முடிந்திருந்தது. அவர்தான் மூன்று பந்திக்கும் நின்று பரிமாறியவர்.

பிறகு அவர் ரயில் ஜங்ஷனுக்குப் போகும் வழியில் தன் வீட்டு முன்னறையில் வீடியோ கேம் கடை போட்டார். மங்கலம்பேட்டை பாய் ஒருவர், இவருக்குப் பழக்கம். அவர் மகன் குவைத்திலிருந்து கொண்டுவந்த கேம் பெட்டிகள் இரண்டு, டிவி இரண்டு, நாற்காலி ஆறு. பாலிடெக்னிக் பையன்கள் மணிக்கணக்கில் ஆடுவார்கள். நான் ஓய்வு பெற்றபிறகு மத்தியானத்தில் அங்கே போக ஆரம்பித்தேன். என் வீட்டிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு அடி. ஏன் போனேன் என்று கேட்டால் பாசம் என்று சொல்லிவிடலாம். அவருக்கு ஏதாவது தெரிந்துவிட்டதா என்று நாள் தவறாமல் பார்க்கப் போனேன் என்பதுதான் நிஜம்.

அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. ஆனால் ஆள் மாறியிருந்தார். டீ வந்தால் உடனே எடுத்துக் குடித்தார். என் கிளாஸின் பக்கம் திரும்பவில்லை. அவர் மனைவி ஒருநாள் என்னிடம் புலம்பினார்: "கத்திரிக்கா வாங்கியாங்கன்னா அவ அள்ளிப் போடறத அப்படியே வாங்கியாராரு. பாதி சொத்தை. பாத்து வாங்கக் கூடாதான்னா, எனக்கு என்னா தெரியும்ங்கிறாரு. முன்னெல்லாம் இந்த மனுசன் கூடப் போவவே வெக்கமா இருக்கும். அப்படியே இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்." காய்க்காரியும் அவரைக் கண்டால் இப்போதெல்லாம் கூடையை மூடுவதில்லையாம். நான் அந்த அம்மாளிடம், வயசானால் அப்படித்தான் என்றேன். அவருக்கு அப்போது ஐம்பத்து நாலு.

ஐந்தாறு வருடம் இப்படியே போனது. பிறகு பாய் மகன் புதுப் பெட்டி ஒன்றும் ஒரு டிஸ்க்கும் கொண்டுவந்தான். இவர் கடையில் ஆரம்பத்திலிருந்து ஓடிய ஒரு பழைய கேம். ஒருவன் தன் அண்ணனைத் தேடி ஒரு துறைமுக ஊருக்குப் போவான். அதையே கம்பெனிக்காரன் படங்களையெல்லாம் புதிதாக வரைந்து மறுபடியும் வெளியிட்டிருந்தான். அதில் ஒரு வசதி. ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பொத்தானை அமுக்கினால் புதுப் படம் போய்ப் பழைய படம் வரும். மறுபடி அமுக்கினால் புதுசு. இடம் அதே, ஆள் அதே, நிற்கிற நிலை அதே.

அந்தப் பொத்தான் அவருக்காகவே வைத்ததுபோல் ஆயிற்று. அப்போது கரண்ட் வருவதும் போவதுமாக இருந்த காலம். மூன்று மணிக்குக் கரண்ட் வந்தால் நாலரைக்குத்தான் பையன்கள் வருவார்கள். அந்த ஒன்றரை மணி நேரமும் அவர் ஆடமாட்டார். ஆளைக் கொண்டுபோய்த் துறைமுகத்தில் நிறுத்திவிட்டு அமுக்குவார். பழசு. அமுக்குவார். புதுசு. பக்கத்து நாற்காலியில் நான்.

"நீங்க எண்ணுங்க சார், நான் பாக்கறேன்" என்றார். வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். பழசில் விளக்கு ஒன்பது, புதுசில் பதினாலு. பழசில் பறவை மூன்று, புதுசில் பதினொன்று, அதிலும் இரண்டு மூலையில் ஒளிந்திருந்தன. சுவரில் பாசி, கயிற்றில் நார், படகில் துரு, எல்லாம் புதுசில் தெரிந்தன. அவர் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பழசுல மலைய மறைச்சுப் பனி போட்டிருந்தான். பின்னால என்னா இருக்குதோன்னு ஒரு இது இருக்கும். இவன் பனிய எடுத்துட்டு மலைய வச்சுட்டான். பின்னால மலைதான்" என்றார். அந்த ஆளின் முகத்துக்கு வந்தபோது ஏழெட்டுத் தடவை அமுக்கினார். பழசில் முகம் என்று நாலு கட்டம்தான் இருக்கும். புதுசில் புருவத்தில் மயிர் எண்ணலாம்.

"பழசுல மூஞ்சியே இல்ல. ஆனா அண்ணன் காணாமப்போன வருத்தம் தெரியுது. புதுசுல மூஞ்சி இருக்குது. அவ்வளவுதான்."

அன்றைக்கு டீ வந்தது. அவர் தன் கிளாஸை எடுக்கவில்லை. என் கிளாஸை இழுத்துத் தன்னுடையதோடு ஒட்டி வைத்தார். ஜன்னல் பக்கம் திருப்பினார். கொஞ்சம் சிரித்தார். ஒரு மனுஷனுக்கு உயிர் திரும்பி வருவதைப் பார்த்து பயந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒரு மாதம் கழித்து அவர் புதிதாக ஒன்று செய்தார். பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கி, பழைய டிஸ்க்கையே அதில் போட்டார். ஒரு டிவியில் அது. பக்கத்து டிவியில் புது டிஸ்க், பொத்தான் அமுக்கிய பழைய படம். இரண்டிலும் ஆளை ஒரே இடத்தில் நிறுத்தினார். நாலரை தாண்டிவிட்டது. ஐந்து பையன்கள் வந்து செருப்போடு உள்ளே நின்றார்கள், வீடு முழுக்க மண். அவர் கவனிக்கவில்லை.

"இது பழசு இல்ல" என்றார்.

"என்னாண்ணா?" என்றான் சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பையன்.

"பழசுன்னு இவன் குடுக்கறது பழசு இல்ல. கடலப் பாரு. அதுல பாசிக் கலரு. இதுல நீலம் ஏத்தியிருக்கான்."

டிவி மாறினால் கலரும் மாறும் அண்ணா என்றான் அவன். அவர் ஒயர்களைக் கழற்றி, இந்தப் பெட்டியை அந்த டிவிக்கும் அந்தப் பெட்டியை இந்த டிவிக்கும் மாற்றிச் சொருகினார். அங்கே இருந்த நீலம் இப்போது இங்கே வந்தது. பாசி நிறம் அங்கே போனது. அந்தப் பையனுக்கு அது போதவில்லை. "கம்பெனிக்காரனே ஒரிஜினல்னு போட்டுருக்கான். உனக்குக் கண்ணுல பூ விழுந்திருச்சுண்ணா" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

கண் என்ற சொல் அவர்மேல் விழுந்ததை நான் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஓர் எதிர்பார்ப்பு. இந்த ஆறு வருடத்தையும் அந்த ஒரு கேள்வியில் வைத்துக் கேட்டார்.

"கிளார்க்கு சார், நீங்க சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணா, வேறயா?"

வேறுதான். கப்பு நிறத்தில் ஏமாந்த என் கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்தது. வேறு என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவர் கண் அவருக்குத் திரும்பிவிடும். ஆனால் பழசு என்று எழுதி ஒட்டியது பழசாக இல்லாமலும் போகலாம் என்று இன்றைக்கு ஒப்புக்கொண்டால், நாளைக்கு அவர் யோசனை எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு அறை வைத்த பெட்டியில் போய் நிற்கும்.

"ஒண்ணாத்தான் இருக்குது" என்றேன்.

பையன்கள் கை தட்டினார்கள். அவர் இரண்டு டிவியையும் இன்னொரு தடவை பார்த்தார். பிறகு பழைய பெட்டியின் ஒயரைக் கழற்றிச் சுற்றி, பரணில் வைத்தார். பெரிசு தோத்துடுச்சு என்று எவனோ சொன்னான். அன்றைக்கு வந்த டீயை அவர் குடிக்கவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை கடை பூட்டியிருந்தது. புதுச்சேரிக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். செவ்வாயும் பூட்டு. புதன்கிழமை மூன்று மணிக்குப் போனேன். திறந்திருந்தது. டிவியில் அந்தத் துறைமுகம், பழைய படம். நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒரு புஸ்தகம் காட்டினாங்க. கலரு கலராப் புள்ளி புள்ளியா இருக்குது, உள்ள நம்பரு. அத்தனையும் படிச்சிட்டேன். டாக்டரம்மா இன்னொரு புஸ்தகம் எடுத்தாந்தாங்க. அதையும் படிச்சிட்டேன். இந்த வயசுல இப்படிக் கண்ணு பாத்ததில்லைங்கன்னாங்க."

நல்லதாப் போச்சு என்றேன்.

"நல்லதுதான்" என்றார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏழ அன்னைக்குக் கவுத்துப் பாத்தேன் இல்ல. அடியில ஒட்டியிருந்த பேப்பரு வெள்ளையா இருந்துச்சு. மத்த பதினொண்ணும் பழுப்பு. பாத்தேன் சார். கண்ணு போயிடுச்சுன்னு நெனச்சிட்டேனா, அதையும் நம்பல."

தெருவில் ஒரு லாரி போனது. மின்விசிறி சுற்றியது. எனக்கு எண்ணுவதற்கு எதுவும் கிடைக்கவில்லை.

"அந்தப் பெட்டியில எத்தினி சார் இருக்கும்?"

"பன்னெண்டு."

"நான் போன அன்னைக்கும்?"

"பன்னெண்டுதான்."

"ம். உங்க எண்ணிக்கை தப்பினதே இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சூளையிலிருந்து இறங்கிய ஒரு கப்பைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். அவர் மனைவி இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார். அவர் தன்னுடையதை எடுத்துக் குடித்தார். என்னுடையது வைத்த இடத்திலேயே இருந்தது, ஆடை படிந்தது. நான் சொல்ல வேண்டியதை அப்போதும் சொல்லவில்லை. நாலரைக்குப் பையன்கள் வந்தார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் மூன்று மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டு அடி நடந்து போனேன். கதவு திறந்திருந்தது. கையில் பொத்தானோடு அவர் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அமுக்கினார், பார்த்தார், அமுக்கினார். வாசலில் நான் நிற்பது அவருக்குத் தெரியும். மற்ற நாற்காலிகள் ஐந்தும் மடக்கிச் சுவரோரம் சாத்தியிருந்தன. அவர் பக்கத்தில் இன்னொன்று இல்லை.